பத்து போல்ட்டிலும் என் மஞ்சள் கோடு

குமாருக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் வரியை இந்தத் தடவை விட்டுவிடுகிறேன். நானும் உன் அம்மாவும் எங்கே நிற்கிறோம், என்ன சாப்பிட்டோம், வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதையெல்லாம் உனக்குச் சொல்ல ஆள் வைத்திருந்தாய். அந்த ஆளுக்கு இப்போது நாங்கள் இருக்கும் இடம் தெரியாது என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். நார்த்தாமலை அடிவாரத்தில் ஒரு வேப்பமர நிழலில் நிற்கிறோம். காலை பத்து மணி இருக்கும். அம்மா பின்கதவைத் திறந்துவைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரிக்கிறாள். நான் மடக்கு மேசையை இழுத்துப் போட்டு எழுதுகிறேன். வண்டி தன் சொந்தச் சக்கரத்தில் ஓடித்தான் இங்கே வந்தது. யாரும் கயிறு கட்டி இழுத்து வரவில்லை.

உன் புதுவீட்டுப் பத்திரிகை கிடைத்தது. என் பேரையும் அம்மா பேரையும் எல்லாருக்கும் மேலே பெரிய எழுத்தில் போட்டிருக்கிறாய். பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பெற்றவர்களைப் பத்திரிகையில் தூக்கி வைத்துவிட்டு, பதினோரு வாரம் ஒரு தகரக் கொட்டகைக்குப் பின்னால் பொய் சொல்லி உட்கார வைத்த பிள்ளை நீ. இந்த வார்த்தையை எழுதத்தான் நாலு நாளாகக் காகிதத்தை எடுத்து எடுத்து மூடி வைத்தேன். எழுதிவிட்டேன். நீ எங்களை ஏமாற்றினாய், குமார். அதுவும் என் கூட்டாளியின் கையைக் கொண்டே.

இந்த வண்டி எப்படி வந்தது என்பதை நீ மறந்திருக்கலாம். டிப்போவில் இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸுக்கு அடியில் படுத்துக் கிடந்தவன் நான். ஓய்வு பெற்ற மறுவாரம் உன் அம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஊரெல்லாம் போற பஸ்ஸ ரிப்பேர் பண்ணுனீங்க. என்னய எந்த ஊருக்குங்க கூட்டிட்டுப் போனீங்க?" திருச்சியைத் தாண்டி அவள் போனதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கேள்வி தாங்காமல் வாங்கியதுதான் இந்தப் பழைய பள்ளிக்கூட வேன். சீட்டுகளைக் கழற்றினேன், கட்டில் போட்டேன், தண்ணீர் டேங்க் வைத்தேன், கூரையில் சோலார் தகடு மாட்டினேன். வாடகை வீட்டைக் காலி செய்தோம். என்னதான் பெயின்ட் அடித்தாலும் வெயில் சாய்வாக விழும்போது அந்தப் பள்ளிக்கூடத்தின் பேர் பக்கவாட்டில் லேசாகத் தெரியும். "அறுவது வயசுல என்னயப் பள்ளிக்கூடத்துல சேத்து விட்டீங்க" என்று உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மூன்று வருஷமாக அதுதான் எங்கள் வீடு. நாங்கள் சுற்றுலா போகவில்லை, குடித்தனம் நடத்தினோம். அந்த வித்தியாசம் மட்டும் உனக்குக் கடைசிவரை பிடிபடவே இல்லை.

வழியில் ஏதாவது ஒன்று கெட்டுக்கொண்டேதான் இருக்கும். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும், பெல்ட் அறும், மேடுபள்ளத்தில் ஸ்பிரிங் பட்டைப் போல்ட் தளரும். நான் அடியில் படுத்தால் உன் அம்மா மேலே உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுப்பாள். "பதினாலு" என்றால் பதினாலு கைக்கு வரும், "பதினேழு" என்றால் பதினேழு வரும். இப்போது நான் கேட்பதற்கு முன்பே கொடுக்கிறாள். எவ்வளவு திமிர் பார்! ஹோஸ்பேட் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் பெல்ட் அறுந்து நின்றபோது, எதிரே நின்ற இன்னொரு வேனிலிருந்து ஒருவர் மாற்று பெல்ட்டோடு இறங்கி வந்தார். அவர்தான் எட்வின் சார். மார்த்தாண்டத்துக்காரர், தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரும் மேரியம்மாவும் எங்களைப் போலவே வண்டியிலேயே வாழ்கிறவர்கள். அன்றிலிருந்து எங்கே போனாலும் போனில் பேசி வைத்துக்கொண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது சேர்ந்து நிற்போம். மேரியம்மா வைத்த மீன்குழம்பு இந்த வண்டிக்கு வரும், உன் அம்மா வைத்த வத்தக்குழம்பு அந்த வண்டிக்குப் போகும். இந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதம் கிடைக்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

போன வருஷக் கடைசியில் எட்வின் சாருக்குக் கண் நரம்பில் அழுத்தம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு சீசன் ஓட்டலாம், அதற்கு மேல் ஸ்டியரிங் பிடிக்கக்கூடாது என்றார் டாக்டர். அதனால் கடைசியாக ஒரு தடவை கார்வாரில் சேர்ந்து, அங்கிருந்து கடலோரமாகவே ரத்னகிரி வரை இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகப் போவது என்று பேசினோம். முன்னால் நான் ஓட்டுவது, அவர் என் பின்விளக்கைப் பார்த்துக்கொண்டே வருவது. அதற்குள் எனக்கும் கண்புரை அறுவை சிகிச்சையை முடித்துவிடலாம் என்றுதான் புதுக்கோட்டைக்கு வந்தேன். உனக்கும் இதையெல்லாம் நானே போனில் சொன்னேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

கண்ணுக்குப் பச்சைத் துணி கட்டியிருந்தார்கள். ஒரு மாதம் குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது. வண்டியில் பின்பக்கமிருந்து ஒரு முனகல் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் பார்க்க முடியாத நிலையில் இருந்ததால் வல்லத்திராக்கோட்டையில் கருப்பையாவின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டோம். நீ சித்தப்பா என்று கூப்பிடும் கருப்பையா. என்னோடு ஒரே நாளில் டிப்போவில் வேலைக்குச் சேர்ந்தவன், என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். மூன்றாம் நாள் அவன் வந்து சொன்னான்: "கழட்டிப் பாத்துட்டேன்டா. பின்னாடி கிரவுன் பல்லு தேஞ்சு போயிருக்கு. இப்புடியே ஓட்டுனீன்னா ரோட்டுலயே லாக் ஆயிரும். பழைய மாடலு, பார்ட் வெளியூர்லருந்துதான் வரணும். அதுவரைக்கும் எடுக்காத." பின் சக்கரங்களுக்கு நடுவே உருண்டையாக ஒன்று தொங்குமே, அதற்குள் இருக்கும் பல்சக்கரத்தைத்தான் சொன்னான். நான் சரி என்றேன்.

ஏன் அப்படியே நம்பினேன் என்று நீ கேட்கலாம். எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் பிரித்துப் பார்த்துச் சொன்ன வேலையை அடுத்தவன் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டான். பார்த்தால் உன்னை நம்பவில்லை என்று அவன் முகத்தில் காறித் துப்பின மாதிரி. இருபத்தெட்டு வருஷத்தில் கருப்பையா மூடியதை நான் திறந்ததில்லை, நான் மூடியதை அவன் திறந்ததில்லை. நாங்கள் மூடிய பஸ்ஸில் ஊர் ஜனமெல்லாம் ஏறிப் போயிருக்கிறது. அதனால்தான் கண் நல்லபடியாகி, குனியலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும் நான் வண்டிக்கு அடியில் போகவில்லை. வெளியூரிலிருந்து வராத ஒரு பல்சக்கரத்துக்காக, ஒர்க்‌ஷாப் கொட்டகைக்குப் பின்னால் தகரம் தகிக்கிற வெயிலில், நானும் உன் அம்மாவும் கை கட்டி உட்கார்ந்திருந்தோம். நீயோ ஒன்றுவிட்ட ஒரு நாள் போன் போட்டாய். "பேசாம இங்கிட்டு வந்துருங்கப்பா, ரூம் ரெடியா இருக்கு" என்றாய். என்ன அக்கறை என்று உருகிப் போனேன். மடையன்.

கார்வாரில் எட்வின் சார் கடலோரத்தில் ஒன்பது நாள் எங்களுக்காகக் காத்துக் கிடந்தார். சாயங்காலம் போன் வரும். "பார்ட் வந்தாச்சா சார்?" "நாளைக்கு வந்துரும் சார்." மறுநாளும் வரும். "ஒண்ணும் அவசரமில்ல சார், நான் இங்கதான் நிக்கேன்." ஒன்பது நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று அந்த மனுஷனுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாம் நாள் அவர் தனியாகவே கிளம்பினார். பாதி தூரம்கூடப் போகவில்லை, வெயில் கூசி எதிர் வண்டி தெரியவில்லை என்று திரும்பிவிட்டார். ஊருக்கு வந்து வண்டியை விற்றுவிட்டார். நீ என்னிடம் சொன்ன பொய் எனக்கு மட்டும் சொன்ன பொய் இல்லை. என் வாயாலேயே அவருக்கும் சொல்ல வைத்தாய். வாழ்நாளில் ஒரு வண்டியைப் பற்றி நான் பொய் சொன்னது கிடையாது என்று இந்த இடத்தில் எழுத வந்தேன். எழுத முடியவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கண்டுபிடித்தது எலியால். பன்னிரண்டாம் வாரம் ஒரு காலையில் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடியில எலி செத்துக் கெடக்கு போலங்க, என்னன்னு பாருங்க" என்றாள். எலியைப் பார்க்கத்தானே, அது கருப்பையாவை அவமதிப்பது ஆகாதே என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். எலியை எடுத்தேன். திரும்பும்போது வெளிச்சம் அந்த உருண்டையில் விழுந்தது. பத்து போல்ட் இருக்கும் அதில். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்து கீழே மூடிவரை மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பது என் பழக்கம். போல்ட் ஒரு நூல் திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். பத்து போல்ட்டிலும் என் மஞ்சள் கோடு நேராக நின்றது. அதன் மேலே ஹோஸ்பேட் இரும்புத்தாதுத் தூசி, போன வருஷத்துத் தூசி, அப்படியே படிந்து கிடந்தது. ஒரு ஸ்பானரும் அதைத் தொடவில்லை. நான் அங்கேயே மல்லாந்து கிடந்தேன். "என்னங்க, மயக்கமா?" என்று அம்மா காலைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்தேன். பின் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டு, திருவரங்குளம் வரை ஓட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் முனகிய சத்தம் வலப்பக்கம் போயிருந்தது. ஒருபக்கமாகத் தேய்ந்த டயர். அவ்வளவுதான் வண்டிக்கு வந்த நோய்.

ஒர்க்‌ஷாப்பில் கருப்பையா டயர் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "எத்தன போல்ட்டுடா கழட்டுன?" என்றேன்.

"எதுல?"

"பின்னாடி. பத்துலயும் என் கோடு நேரா நிக்கிது."

அவன் டீயைக் கீழே வைத்தான். "பாத்துட்டியா" என்றான். "ஒம் மவன் போன்ல அழுதான்டா. எப்புடியாச்சும் அவுங்கள ஒரு எடத்துல ஒக்கார வையுங்க சித்தப்பான்னான். நான் என்னடா செய்ய?" என்றான்.

"எங்கிட்டல்ல சொல்லிருக்கணும்!"

"ஒங்கிட்டயா? நீ கேக்குற ஆளா?" அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. "ஒங்கப்பா மொபெட்டுக்கு அன்னிக்கி பிளக்க மாத்துனது யாரு? நாந்தான பக்கத்துல நின்னேன்? அன்னிக்கி அது ஒனக்குத் தப்பாத் தெரியல. இன்னிக்கி எனக்கு மட்டும் எப்புடிடா தெரியும்?"

நான் திரும்பி வண்டிக்கு வந்துவிட்டேன். சாமான்களைக் கட்டும்போதுதான் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். துணியை மடித்துக்கொண்டே, "வந்துருங்கம்மா, பயமா இருக்குன்னு ஒரு வார்த்த அவன் சொல்லிருந்தா நான் போயிருப்பேங்க. கேக்கவே இல்லயே எம்புள்ள" என்றாள். விஷயம் வெளியானதும் நீ போனில் என்னிடம், "ஒங்க நல்லதுக்குத்தானப்பா செஞ்சேன்" என்றாயே, அதைவிட எனக்கு இந்தப் பேச்சுதான் வலித்தது.

உன் பயத்தைப் பொய் என்று நான் சொல்லவில்லை. ஒரு தடவை போடிமெட்டு மலை இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனது. கியரை இறக்கி, மண்மேட்டில் உரசித்தான் நிறுத்தினேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அம்மாவைத் தடுத்தேன். அவள் மனது கேட்காமல் உன்னிடம் சொல்லியிருக்கிறாள். என் பக்கம் உள்ள தப்பு இது. உன்னிடம் மறைத்துவிட்டேன். மறைக்கிற அப்பனை எப்படி நம்புவது என்று உனக்குத் தோன்றியிருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லி என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால்கூட நான் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பேன். நீ சண்டை போடவில்லை. என்னைச் சண்டைக்குக்கூட லாயக்கில்லாதவன் ஆக்கிவிட்டாய். கிழடு, நாலு வார்த்தை சொல்லி உட்கார வைத்தால் போதும் என்று முடிவு கட்டிவிட்டாய்.

இனி அந்த மொபெட் கதை. உன் அம்மாவுக்கும் இது தெரியாது. என் அப்பா, உன் ஐயா, எழுபது வயது தாண்டியும் தினம் காலையில் மொபெட்டில் திருவரங்குளம் போவார். கோயில் பக்கத்து டீக்கடையில் அவர் வயசுச் சோட்டாளிகள் நாலு பேர் பேப்பர் படித்து, அரசியல் பேசி, கத்தி, சண்டை போட்டு, பத்து மணிக்குக் கலைவார்கள். ஒரு நாள் ரயில்வே கேட்டில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தார். நான் பயந்துவிட்டேன். சொன்னால் கேட்க மாட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இஞ்சினுக்குத் தீப்பொறி போடும் நல்ல பிளக்கைக் கழற்றிவிட்டுச் செத்த பிளக் ஒன்றை மாட்டி, "இஞ்சின் போச்சுப்பா, பார்ட் வரணும்" என்றேன். கருப்பையா பக்கத்தில் நின்று ஆமாம் போட்டான். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. டீக்கடைக்குப் போவது நின்றது. சோட்டாளிகள் முதலில் இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வந்தார்கள், பிறகு வரவில்லை. நான் போகும்போதெல்லாம் சாதாரணமாகக் கேட்பார்: "பார்ட் வந்துருச்சாப்பா?" "கம்பெனியிலயே நிறுத்திட்டாங்களாம்ப்பா" என்பேன். "சரிப்பா" என்பார். இரண்டு வருஷம் இப்படியே போய், ஒரு மழைக்காலத்தில் இறந்து போனார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தேன். வேட்டிக்கு அடியில், துணியில் சுற்றி, புதுப் பிளக் ஒன்று இருந்தது. கடைப் பேர் போட்ட காகித உறையோடு இருந்தது. திருவரங்குளத்தில் அந்தக் கடைக்காரரிடம் போய்க் கேட்டேன். "ரெண்டு வருசம் இருக்குங்க. பஸ்ஸுல வந்தாரு. செத்த பிளக்கக் கையில கொண்டாந்து இது மாதிரி ஒண்ணு குடுப்பான்னாரு. வாங்கிட்டுப் போனாரு" என்றார். குமார், அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. பிளக்கை வாங்கி வைத்துக்கொண்டு, அதை மாட்டாமல், இரண்டு வருஷம் என்னிடம் பார்ட் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் உண்மையைச் சொல்வதற்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறார். நான் ஒவ்வொரு தடவையும் பொய்யைத்தான் எடுத்துக் கொடுத்தேன். அதை மாட்டி ஓட்டியிருந்தால் மகன் என் முகத்தில் எப்படி முழிப்பான் என்று நினைத்தாரோ என்னவோ. எனக்கு இன்றுவரை அழுகை அடங்கவில்லை. அன்று சிமென்ட் தரையில் உட்கார்ந்து அழுதேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

இதை எழுதுவதால் உன் கணக்கும் என் கணக்கும் நேராகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே. என் தப்பு என்னோடு. உன் மேல் இருக்கும் கோபம் அப்படியேதான் இருக்கிறது. எட்வின் சாருக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "பிள்ளையளுக்குப் பயம் இருக்கத்தான செய்யும் சார். விடுங்க" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவர் வண்டி இனி வராது. உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். நாளைக்கு அவள் எங்கேயோ போகிறேன் என்று நிற்பாள். அப்போது உன் பயத்தை அவளிடம் சொல், கத்து, காலில் விழு. அவள் வண்டியில் மட்டும் கை வைக்காதே.

புதுவீட்டுக்கு வருகிறோம். வராமல் இருக்க எங்களால் ஆகாது. அம்மா நீ கட்டிய அந்த ரூமில் படுப்பாள், உன் மேல் கோபம் இருந்தாலும் அவளுக்கு ஆசை குறையவில்லை. நான் வாசலில் வண்டியில் படுத்துக்கொள்வேன். பால் காய்ச்சி, சாப்பிட்டு, மூன்றாம் நாள் கிளம்புவோம். முதலில் மார்த்தாண்டம். எட்வின் சாரையும் மேரியம்மாவையும் எங்கள் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ரத்னகிரி போகிறோம். கட்டில் பெண்களுக்கு, நாங்கள் இரண்டு பேரும் கூடாரத்தில். எங்கே இருக்கிறோம் என்று தெரியவேண்டுமானால் என்னைக் கூப்பிடு. பிரேக் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் மறைக்காமல் சொல்வேன். அதை மட்டும் என் பங்குக்கு நான் திருத்திக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தோடு ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். உன் ஐயாவின் பெட்டியில் இருந்த பிளக். இத்தனை வருஷமும் என் டூல்ஸ் பெட்டியில்தான் கிடந்தது. ஒரு தடவைகூடச் சூடேறாத புதுப் பிளக். புதுவீட்டில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள், உன் கண்ணில் படும்படி வை. மகன் முகத்துக்காக என் அப்பா அதை மாட்டாமல் இருந்தார். என்னால் அப்படி இருக்க முடியவில்லை. நான் வண்டியை எடுத்துவிட்டேன்.

உன் அப்பா